எஞ்சின் குடித்த விளக்கு

பாலாம்பாளுக்கு முன்கோபம் என்று மதுரை கே.கே. நகரில் அந்தத் தெருவே சொல்லும். சொல்கிறவர்கள் யாரும் ஹாலாஸ்யத்தோடு ஒரு மாதம் குடித்தனம் நடத்திப் பார்த்தவர்கள் இல்லை. மனிதர் மேல் பெரிதாக ஒரு குற்றம் சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டு கிடையாது, ஆபீசில் ஹெட் கிளார்க், வீட்டுக்கு உப்புப் புளி குறைவில்லாமல் வாங்கிப் போடுகிறவர். ஆனால் அவர் மண்டைக்குள் ஒரு யோசனை நுழைந்துவிட்டால், அது வெளியே போவதற்குள் வீட்டிலிருக்கிறவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். ஒருதரம் கொசுவை விரட்டுகிறேன் என்று வீட்டைச் சுற்றி நொச்சிச் செடி நட்டார். நொச்சிக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று பாத்தி கட்டினார். பாத்தியில் தேங்கின தண்ணீரில் கொசு பிறந்து தெரு முழுக்கப் போனது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்குப் பதில் சொன்னது பாலாம்பாள்தான்.

அவள் சோழவந்தான்காரி. வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த வீட்டில் நகை, பாத்திரம், நாத்தனார் எல்லாவற்றையும் விட முக்கியமாக ஒரு விளக்கு இருந்தது. அது வீட்டில் இல்லை, கீழக்குயில்குடிக்குப் போகிற வழியில், காட்டுக்கு நடுவே ஒரு சின்னச் சிவன் கோயிலில் இருந்தது. கோயிலை ஒட்டி அவள் மாமனாருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். நிலத்துக்கும் விளக்குக்கும் ஒரு முடிச்சு உண்டு. விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும். அதற்கு ஊற்றுகிற எண்ணெய் அந்த நிலத்தில் விளைந்த ஆமணக்கிலிருந்து வர வேண்டும். அதைக் காய்ச்சி எடுப்பது அந்த வீட்டு மருமகளின் வேலை. கடை எண்ணெய் ஆகாது. யார் வைத்த கட்டு என்று யாருக்கும் தெரியாது, மீறினவர்களும் யாரும் இல்லை.

மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மகனைக் கூப்பிடவில்லை, மருமகளைத்தான் கூப்பிட்டார்.

"ஹாலாஸ்யம் நல்ல பய. ஆனா ஒரு வேலையச் சொன்னா, அதுக்குள்ள இன்னொரு வேலையக் கண்டுபிடிச்சிருவான். வெளக்கு ஒம் பொறுப்பும்மா. நம்ம மண்ணு எண்ணெய். அணைய விட்றாத."

"விடமாட்டேன் மாமா."

அவ்வளவுதான் பேச்சு. சத்தியம் எதுவும் வாங்கவில்லை, கொடுக்கவும் இல்லை. ஆனால் பாலாம்பாள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். பால்காரனிடம் நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று கோபத்தில் சொல்லிவிட்டு, ஒரு வாரம் வீட்டில் எல்லோருக்கும் கடுங்காப்பி கொடுத்தவள் அவள்.

பல வருஷம் அது ஒரு பாரமாகவே இருக்கவில்லை. நிலத்தை விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு உழுதது மலையம்மாள். நடுவில் கம்பும் துவரையும் விதைப்பாள், வரப்போரமாக ஆமணக்கு முத்தை ஊன்றிவிடுவாள். அதற்கு யாரும் தண்ணீர் விட்டதில்லை, உரம் போட்டதில்லை. வருகிற மழையில் முளைத்து, ஆள் உயரத்துக்கு மேல் நின்று, தை மாதம் குலை குலையாகக் காய்த்துக் கிடக்கும். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலாம்பாள் பஸ் ஏறிப் போவாள். கோயிலுக்குப் பின்னால் கல் கூட்டி, காய்ந்த ஆமணக்குத் தட்டையையே விறகாக வைத்து, முத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மேலே மிதக்கிற எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பாள். திரும்பவும் காய்ச்சிச் சடசடப்பு அடங்கினதும் கோயில் குடத்தில் ஊற்றி, குடம் இருக்கிற அறையைப் பூட்டிச் சாவியைக் குருக்களிடம் கொடுத்துவிட்டு வருவாள். அடுத்த தை வரை கவலையில்லை. சாமிக்கு வெளிச்சம், மலையம்மாளுக்குக் கம்பு, இவர்களுக்குத் துவரம் பருப்பு.

இப்படி இருந்ததை இருந்தபடி விட்டிருக்கலாம். யார் விட்டார்கள்?

எழுபத்தொன்பதில் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வந்த தட்டுப்பாட்டை ஊரே திட்டித் தீர்த்தது. வரிசையில் நின்றவர்கள் நின்றார்கள், கிடைத்தவர்கள் வாங்கினார்கள், கிடைக்காதவர்கள் வசவு பாடிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஹாலாஸ்யம் மட்டும் யோசித்தார். எங்கோ ஒரு தேசத்தில் கரும்புச் சாராயத்தில் கார் ஓடுகிறது என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டார். வினை அங்கேதான் ஆரம்பம்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "பாலா, உழுகுற மாட்டுக்குத் தீனி எங்க வெளையுது?"

"இது என்ன கேள்வி? வயல்லதான்."

"மாட்டுக்கு வயல்லயே தீனி வெளையும்போது, தண்ணி எறைக்கிற எஞ்சினுக்கு மட்டும் அரேபியாவுல இருந்து ஏன் வரணும்? நம்ம நெலத்துல எண்ணெய் வெளையுது. அந்த எண்ணெயில எஞ்சினை ஓட்டுவோம். எஞ்சின் தண்ணி எறைக்கும். தண்ணியில ஆமணக்கு வெளையும். ஆமணக்குல எண்ணெய். வெளியில இருந்து ஒரு சொட்டு வேண்டியதில்ல. சக்கரம் மாதிரி அதும்பாட்டுக்குச் சுத்தும்."

"மாடு சாணி போடும். ஒங்க எஞ்சின் என்னத்தப் போடும்?"

ஹாலாஸ்யம் சிரித்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். அவர் சிரித்துவிட்டால் முடிவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். கையைக் கழுவப் போனவரைப் பாலாம்பாள் வழிமறித்து நின்றாள்.

"என்னமும் செய்ங்க. வெளக்குக் குடத்துல மட்டும் கை வைக்கக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"சேச்சே. அதுல போயி கை வைப்பேனா?" என்றார்.

எண்பத்தொன்று ஆடியில் கம்பும் இல்லை, துவரையும் இல்லை. நிலம் முழுக்க ஆமணக்கு. மாட்டு உழவு ஆழம் போகாது என்று டிராக்டர் வந்தது. டிராக்டர்காரன் டீசல் இருந்தால்தான் வருவேன் என்றான், ஆகையால் ஹாலாஸ்யம் கேனை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு டீசலுக்கு அலைந்தார். கேனில் தர மாட்டோம் என்று ஒரு பங்க்கில் சொன்னார்கள், இருப்பே இல்லை என்று இன்னொரு பங்க்கில் சொன்னார்கள். டீசல் தேடி எரித்த பெட்ரோலிலேயே பாதி வயலை உழுதிருக்கலாம். பரவையில் ஒருவர் மின்சார மோட்டார் போட்டுக்கொண்டு பழைய ஆயில் எஞ்சினை விற்றார். அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து கிணற்றோரம் இறக்கினார்கள். மாடு பூட்டிக் கமலை கட்டி இறைத்த காலத்துக்குப் பிறகு அந்தக் கிணற்றை எட்டிப் பார்த்த முதல் ஆள் ஹாலாஸ்யமாகத்தான் இருக்கும்.

"நான் கம்புக்கு எங்கக்கா போவேன்?" என்று மலையம்மாள் பாலாம்பாளிடம்தான் வந்து நின்றாள். ஹாலாஸ்யம் கூலி கொடுக்கிறேன் என்றார். கூலியை வாங்கிக் கடையில் கம்பு வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன கஷ்டம் என்பது அவர் நியாயம். அந்த வருஷம் மலையம்மாள் வீட்டில் பாதி நாள் ரேஷன் அரிசிக் கஞ்சிதான்.

உர மூட்டை வந்திறங்கின வாரம் ஒரு கூத்து நடந்தது. காலையில் ஹாலாஸ்யம் தன்னுடைய விவசாயப் பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். யூரியா எப்படித் தயாராகிறது என்று ஒரு கட்டுரை. கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கிற ஒரு சரக்கை வைத்துத்தான் பல ஆலைகளில் யூரியா செய்கிறார்கள் என்று ஒரு வரி வந்ததும் சத்தம் குறைந்தது. அடுத்த வரியை மனசுக்குள் படித்தார். பாலாம்பாள் தோசைக் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"மேல படிங்க."

"இல்ல, அது வேற விஷயம்."

"அந்த மூட்டையும் அரேபியாவுல இருந்துதான் வருதாக்கும்?"

"தோசை தீயிது பாரு" என்றார் ஹாலாஸ்யம். தோசை தீயவில்லை.

முதல் வருஷம் மழை கைகொடுத்தது, அதுதான் கேடு. விளைச்சல் நன்றாக வந்துவிட்டது. லாரியில் ஏற்றிப் பரவைக்குக் கொண்டுபோய், கரண்டு மில்லில் ஆட்டி, எண்ணெயைத் தகர டின்களில் நிரப்பிக் கொண்டுவந்து வீட்டுக் கொல்லையில் வரிசையாக அடுக்கினார். விளக்குக்கு வேண்டியதை மட்டும் பாலாம்பாள் வழக்கம்போலத் தன் கையால் காய்ச்சிக் குடத்தில் ஊற்றிவிட்டு வந்தாள். டின் வரிசையைப் பார்க்க அக்கம்பக்கத்தார் வந்தார்கள். ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து காபி சாப்பிட்டுவிட்டு, சார் பெரிய ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஹாலாஸ்யத்துக்குத் தரையில் கால் பாவவில்லை.

கொல்லையின் இன்னொரு மூலையில் காலி டீசல் கேன், கிரீஸ் டப்பா, மொபில் ஆயில் டின், உரச் சாக்கு எல்லாம் சிதறிக் கிடந்தன. அவற்றையெல்லாம் பாலாம்பாள் இழுத்து வந்து எண்ணெய் டின்களுக்கு எதிர்வரிசையாக அடுக்கினாள். எதிர்வரிசை சுவர் உயரத்துக்கு வந்தது. ஹாலாஸ்யம் சாயங்காலம் வந்து பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"முதல் வருஷம் அப்படித்தான் இருக்கும் பாலா. போகப் போகச் சரியாயிரும்."

"போட்ட நெல்லை விட அறுத்த நெல்லு கொறையுற வெள்ளாமையை எங்க ஊருல எவனும் ரெண்டாம் வருஷம் போட மாட்டான்."

"நெல்லு வேற, எரிபொருள் வேற."

"ஆமா, வேறதான். நெல்லைத் திங்கவாவது செய்யலாம்."

இப்படிப்பட்ட மனிதரிடம் என்னதான் செய்வது? தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம், சுவருக்குத்தான் சேதம். அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள்.

எண்பத்திரண்டில் மழை ஏமாற்றியது. ஆடிப் பட்டம் தப்பி, டிராக்டர் கிடைக்காமல், ஆவணி பாதிக்கு மேல்தான் விதைத்தார். வானம் பளிங்கு மாதிரி கிடந்தது. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக, எஞ்சின் இழுக்க முடியாமல் திணறியது. ஆள் வைத்து, கயிறு கட்டி, எஞ்சினைக் கிணற்றுக்குள்ளே ஒரு கல் மேடைக்கு இறக்கினார்கள். ஆழத்திலிருந்து ஏற்றுகிற தண்ணீருக்குக் கூடுதல் எண்ணெய். கொல்லையில் இருந்த டின்கள் ஒவ்வொன்றாக ஸ்கூட்டரில் ஏறிப் போயின. விளக்கெண்ணெய் கெட்டி, தனியாகப் போட்டால் எஞ்சின் இருமுகிறது. இளக்குவதற்கு மண்ணெண்ணெய் கலக்க வேண்டும். மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

ஒருநாள் காலையில் பாலாம்பாள் திரி அடுப்பைப் பற்ற வைத்தாள். திரி கருகி அணைந்தது. அடியில் டாங்க்கைத் திறந்து பார்த்தாள், காய்ந்துகிடந்தது. மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கினாள், கையோடு லேசாக வந்தது. அது ரேஷன் கடையில் வெயிலில் நின்று அவள் வாங்கி வந்த மாதக் கோட்டா.

"மண்ணெண்ணெய் எங்கங்க?"

ஹாலாஸ்யம் சட்டைப் பித்தானைக் கவனமாகப் போட்டார். "கொஞ்சம் கலந்தாத்தான் எளகுது பாலா. ரெண்டு நாளு பொறுத்துக்க. நான் ஓட்டல்ல இட்லி வாங்கிட்டு வாரேன்."

"இட்லி வாங்கப் போறதுக்கு ஸ்கூட்டர் எதுல ஓடும்? சட்னியிலயா?"

அவள் அழவில்லை. அழுகிற ஆள் இல்லை. இத்தனை வருஷத்தில் இந்த மனிதரிடம் அவள் பட்டு வேண்டும், வளையல் வேண்டும் என்று கேட்டதில்லை. அடுப்பு எரிய வேண்டும், விளக்கு எரிய வேண்டும், இவ்வளவுதான் கேட்டாள். ஊருக்கெல்லாம் எரிபொருள் கண்டுபிடிக்கிறவர் வீட்டில் உலை கொதிக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு படி மண்ணெண்ணெய் கைமாற்று வாங்கிச் சமைத்தாள். சாம்பாரில் அன்று உப்பு இரண்டு தடவை விழுந்தது. ஹாலாஸ்யம் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்து அதைச் சாப்பிட்டு முடித்தார்.

கார்த்திகை சோமவாரத்துக்குக் கோயிலுக்குப் போவது அவள் வழக்கம். பெரியார் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து, இறங்கி நடந்து, கோயிலை அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஹாலாஸ்யம் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு விடியற்காலையிலேயே வயலுக்கு வந்திருந்தார். குருக்கள் சிவசங்கரன் பிரகாரத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"வாங்கோம்மா, நல்ல வேளை வந்தேள். நானே ஆள் அனுப்பணும்னு நெனச்சிண்டிருந்தேன். எண்ணெய் இன்னிக்கு ராத்திரிக்கே காணாது."

பாலாம்பாளுக்குப் புரியவில்லை. "தை வரைக்கும் வர்றாப்புலதான சாமி ஊத்தி வச்சேன்?"

"சார் வந்து எடுத்துண்டு போனாரே. டின்னோட வந்தார். உங்களுக்குத் தெரியும்னாரே, நானும் சாவியைக் குடுத்துட்டேன்."

அவள் உள்ளே போய்க் குடத்துக்குள் கையை விட்டாள். விரல் நுனியில் அடிக்கசடு ஒட்டியது. சன்னதிக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, திரி பாதிக்கு மேல் எண்ணெயை விட்டு வெளியே தெரிந்தது. மாமனார் முகம் நினைவுக்கு வந்தது. விடமாட்டேன் மாமா என்று தான் சொன்னதும், அவர் அதை நம்பித் தலையணையில் தலையைச் சாய்த்ததும் நினைவுக்கு வந்தன. எத்தனையோ பஞ்சத்தில் அணையாத விளக்கு, எண்ணெய் விளைவிக்கிறேன் என்று கிளம்பின ஆளால் அணையப்போகிறது. அவள் வயலைப் பார்த்து நடந்தாள்.

கிணற்றை நெருங்கும்போதே கோயில் வாடை வந்தது. கருவறையில் அடிக்கிற அதே விளக்கெண்ணெய்ப் புகை கிணற்றிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. எஞ்சின் சத்தம் இல்லை. மேட்டில் மலையம்மாள் மண்வெட்டியோடு நின்றாள்.

"அண்ணன் உள்ள இருக்காருக்கா. எஞ்சின் நின்னு போச்சாம்."

பாலாம்பாள் எட்டிப் பார்த்தாள். கீழே கல் மேடையில் ஹாலாஸ்யத்தின் வழுக்கை, அதில் ஒரு கறுப்புக் கோடு.

"என்னங்க! மேல வாங்க."

"இரு பாலா. ஃபில்டர் அடைச்சிருக்கு. இப்பப் போட்டுருவேன்."

"வெளக்குக் குடத்துல கை வச்சீங்களா?"

கிணற்றுக்குள் ஸ்பானர் சத்தம் நின்றது. "கைமாத்துதான் பாலா. தையில குடத்தை ரொப்பி, மேல இன்னொரு குடமும் வைக்கிறேன்."

"கைமாத்துன்னா குடுக்குறவன்ட்டக் கேக்கணும். சாமிட்டக் கேட்டீங்களா? என்ட்டக் கேட்டீங்களா?"

"கேட்டா நீ குடுப்பியா?"

"குடுக்க மாட்டேன்னு தெரியுதுல்ல? தெரிஞ்சே எடுத்தா அதுக்குப் பேரு என்ன?"

ஹாலாஸ்யம் படியில் ஏறி வந்தார். சட்டையெல்லாம் எண்ணெய், முழங்கை வரை கரி. முகத்தைப் பார்த்தால் திருடின ஆள் மாதிரி இல்லை, பரீட்சையில் கடைசிக் கேள்வி எழுதும்போது மணி அடித்துவிட்ட பையன் மாதிரி இருந்தது.

"பாலா, ஒரே ஒரு தண்ணி. இதுதான் கடைசி. காய்க்குள்ள இப்பத்தான் பால் பிடிச்சிருக்கு. இன்னைக்குப் பாயலேன்னா அம்புட்டும் பொக்காப் போயிரும். டாங்க்ல பாதி இருக்கு, வயலுக்குச் சரியா வரும். வெளக்குக்கு ஒரு மாசம் கடையில வாங்கிக்குவோம். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்."

அவள் வயலைப் பார்த்தாள். பயிர் நன்றாகத்தான் இருந்தது. மழை இல்லாத வருஷத்தில் சுற்றுவட்டாரமே செம்மண்ணாகக் கிடக்க, இவர் வயல் மட்டும் பச்சைக் குடை பிடித்து நின்றது. ஒவ்வொரு செடியிலும் பச்சைக் குலை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. சோழவந்தானில் பிறந்தவளுக்குக் காயோடு நிற்கிற பயிரை வாடவிட மனசு வருமா? தண்ணீர் பாய்ச்சு என்று சொல்லிவிட்டால் பயிர் பிழைக்கும், தையில் எண்ணெயும் வரும். அதுவரை விளக்கு கடை எண்ணெயில் எரியும். வேண்டாம் என்றால் விளக்கு எரியும், பயிர் கருகும். சனியன் பிடித்த எஞ்சின் தன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று நினைத்தபோது, அவளுக்கு அந்த இரும்பைக் காலால் எட்டி உதைக்க வேண்டும் போல இருந்தது.

"மலையம்மா, அந்தத் தூக்குவாளியக் கொண்டா."

"எதுக்குக்கா?"

"கொண்டான்னா கொண்டா."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கிணற்றுப் படியில் இறங்கினாள். ஹாலாஸ்யம், விழுந்துருவ பாலா, வழுக்கும் பாலா, என்று கத்திக்கொண்டே பின்னால் இறங்கினார். கல் மேடையில் எஞ்சின் சூடாக உட்கார்ந்திருந்தது. அவள் டாங்க்குக்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, எண்ணெய் போகிற குழாயைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. திருகினாள். முறுக்கினாள்.

"அதை அப்படிப் புடுங்காத! மரை போயிரும்!"

"போகட்டும்."

"பாலா, சொன்னாக் கேளு. தள்ளு, தள்ளு. ஒரு பொருளைக் கழட்டுறதுக்கு ஒரு முறை வேண்டாமா?"

ஹாலாஸ்யத்துக்குப் பயிர் போவது கூடப் பொறுக்கும், மரை போவது பொறுக்காது. ஸ்பானரை வைத்து அவரே நட்டைக் கழற்றினார். எண்ணெய் பாகு மாதிரி சோம்பலாக வாளிக்குள் இறங்கியது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அது இறங்குவதைப் பார்த்தார்கள். கடைசியில் டாங்க் சொட்டுச் சொட்டாக வந்தபோது, அவர் அதைத் தூக்கிச் சாய்த்துப் பிடித்தார். அடியில் கொஞ்சம் தங்கும், சாய்த்தால்தான் வரும் என்றார். பாலாம்பாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் மனசு இளகிவிடும் என்று தெரியும்.

வாளியை மலையம்மாள் கயிற்றில் கட்டி மேலே இழுத்தாள்.

கோயிலில் குருக்கள் வாளியை மோந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினார். "அம்மா, மண்ணெண்ணெய் வாடை அடிக்கறதே!"

"கலந்துதான் கெடக்கு சாமி. ஆனா எண்ணெய் இந்த மண்ணுல வெளஞ்சது, நான் காச்சுனது. கலந்தது எங்க வீட்டு அடுப்புக்கு வச்சிருந்தது. குத்தம்னா என் தலையில வரட்டும்."

"ஆகம விதிப்படி பார்த்தா..."

"அணைஞ்சா என்ன விதி?"

குருக்கள் விலகி வழி விட்டார். விளக்கில் திரி மட்டும் எரிந்து, நுனி சிவந்து, சுடர் பயறளவுக்குச் சுருங்கியிருந்தது. பாலாம்பாள் கரண்டியால் மொண்டு ஊற்றினாள். சுடர் ஒருமுறை படபடத்தது. போச்சு என்று நினைத்தாள். பிறகு திரி இழுத்துக்கொண்டு, ஒரு சாண் உயரத்துக்குக் குபீரென்று எழுந்தது. கரும்புகை கல் கூரையில் போய் முட்டி நாலாபக்கமும் இறங்கியது. குருக்கள் இருமினார், மலையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள், நந்தியின் மூக்கில் கரி படிந்தது. ஆனால் எரிந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது, புகை என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

பின்னாலிருந்து ஹாலாஸ்யம் இருமிக்கொண்டே முன்னால் வந்தார். சுடரையே பார்த்தார். கரி படிந்த முகத்தில் மெல்ல ஒரு மலர்ச்சி பரவியது.

"பாத்தியா பாலா? எம்புட்டு உயரம் எரியுது பாத்தியா? நான் அன்னைக்கே சொன்னேன்ல, இது நல்ல எரிபொருள்னு?"

பாலாம்பாள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "வெளக்குக்கு."

அன்றைக்கு ஸ்கூட்டரில் பெட்ரோல் இல்லை. இருவரும் பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனார்கள், வேறு வேறு சீட்டில்.

திரியைச் சின்னதாக்கிச் சின்னதாக்கி அந்த வாளி எண்ணெயைத் தை வரைக்கும் ஓட்டினாள். வயலில் மேல் குலையெல்லாம் பொக்காகிப் போனது, அடிக்குலைகளில் மட்டும் முத்து திரண்டிருந்தது. மில்லுக்குக் கொண்டுபோகிற அளவுக்கு இல்லை. பாலாம்பாளே கல் கூட்டிக் காய்ச்சினாள். ஹாலாஸ்யம் பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த தட்டைகளை ஒடித்து ஒடித்து அடுப்பில் வைத்தார். டிராக்டரும் டீசலும் உரமும் ஊரில் இருந்த அத்தனை எண்ணெயும் குடித்த வயலிலிருந்து வந்தது, கோயில் குடத்தின் கழுத்து வரைக்கும். வரப்போரம் யாரும் பார்க்காமல் வளர்ந்த ஆமணக்கு வருஷா வருஷம் கொடுத்த அதே குடம்.

சட்டியை அவள் கவிழ்த்து வைத்தபோது, ஹாலாஸ்யம் எழுந்து போய் எதையோ எடுத்து வந்தார். கையில் ஒரு காலி டின்.

"பாலா, வர்ற ஆடிக்கு எஞ்சினைச் சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாக்குறதுக்கு மட்டும் கொஞ்சூண்டு..."

பாலாம்பாள் ஒரு மாதத்துக்கு வேண்டிய எண்ணெயைக் குருக்களுக்குத் தனியாக அளந்து ஊற்றிவிட்டுக் குடத்து அறையைப் பூட்டினாள். சாவியைக் குருக்களிடம் கொடுக்கவில்லை, இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவர் கையிலிருந்த டின்னை வாங்கி மலையம்மாளிடம் நீட்டினாள்.

"இந்தா மலையம்மா, இது ஓட்டை இல்லாத டின்னு. வெதைக் கம்பு போட்டு வையி."